மொனாக்கோவில் ஓடிய மாணவர் படகு பழவேற்காட்டுக்கு உதவுமா?

கோவை குமரகுரு கல்லூரி மாணவர்கள் 2022-ல் மொனாக்கோ நாட்டுப் படகுப் போட்டிக்குப் போனார்கள். படகின் பெயர் 'யாளி'. டீசல் இல்லை, புகை இல்லை, மின்சாரத்தில் ஓடும்.

அடிப்படகை எல்லா அணிக்கும் போட்டி நடத்துகிறவர்களே ஒரே மாதிரி கொடுத்தார்கள். ஓட்டுகிறவர் இருக்கையும் எஞ்சின் அமைப்பும்தான் மாணவர் கைவேலை. அந்த இரட்டை அடிப்படகை வெள்ளைக்காரர்கள் 'கட்டமரான்' என்கிறார்கள். நம்ம ஊர் கட்டுமரம்தான் அந்தப் பேர்!

சரி, லைட்ஹவுஸ் குப்பத்து மீனவருக்கு இதில் என்ன லாபம்?

மீன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எஞ்சின் படகுக்கு எண்ணெய்க் காசு அழுதாக வேண்டும். பழவேற்காடு ஏரியோ ஆழமில்லாதது. மின்சாரப் படகை ஓட்டிப் பார்க்கத் தோதான இடம்.

ஆனால் முகத்துவார அலையும் வலைப் பாரமும் பந்தயத்தில் கிடையாது. அவற்றைத் தாங்கினால்தான் மீனவர் நம்புவார். அடுத்த ஓட்டம் இங்கே நடக்கட்டுமே!