காரணம் எழுதாத பலகை
அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைச் செயலாளருக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு செயலாளர் அவர்களுக்கு,

2018 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள். அமெரிக்காவில் வேலை பார்க்கும் பிலிப்பைன்ஸ்காரர்கள் அட்டைப்பெட்டிகளைக் கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்வரும் நேரம். அன்று தங்கள் துறை ஓர் அறிவிப்பை வெளியிட்டது. மணிலாவின் நினோய் அகினோ பன்னாட்டு விமான நிலையம் போதிய பாதுகாப்பு நடவடிக்கைகளைக் கடைப்பிடிக்கவில்லை என்றது அது. சட்டப்படி, அந்தப் பெயர் அமெரிக்க விமான நிலையங்களில் பலகையில் எழுதி வைக்கப்பட வேண்டும். மணிலாவுக்கு டிக்கெட் வாங்குவோருக்கு விமான நிறுவனங்கள் எழுத்து மூலம் தெரிவிக்கவும் வேண்டும். அங்கே என்ன குறை என்பது மட்டும் எங்கும் இல்லை. 2019 செப்டம்பரில் அறிவிப்பு விலக்கிக்கொள்ளப்பட்டது.

இடைப்பட்ட சுமார் ஒன்பது மாதங்களில் ஒரு பயணி அந்தப் பலகையை வைத்துக்கொண்டு என்ன செய்திருக்க முடியும்? உடம்புக்கு முடியாத தாயைப் பார்க்க மணிலாவுக்குப் போகிறவர் மணிலாவுக்குத்தான் போயாக வேண்டும். பெட்டியைத் தன் கண்ணெதிரிலேயே வைத்துக்கொள்ள வேண்டுமா, செக்-இன் செய்யலாமா, பகல் விமானத்தைத் தேட வேண்டுமா, பயணத்தையே தள்ளிப்போட வேண்டுமா என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. சாலையோரத்தில் ‘அபாயம்’ என்று மட்டும் எழுதி, முன்னால் இருப்பது பள்ளமா வளைவா என்று சொல்லாமல் விட்டால் ஓட்டுநர் என்ன செய்வார்? பயம் மட்டும் மிஞ்சும். நாலு தடவை ஒன்றும் ஆகாமல் போய்வந்துவிட்டால் அந்தப் பயமும் போய்விடும். அதற்குப் பிறகு எந்தப் பலகையையும் அவர் படிக்க மாட்டார்.

1990களில் நைஜீரியாவின் லாகோஸ் விஷயத்தில் நடந்தது இதுதான். அந்த விமான நிலையத்தின் பெயரும் அமெரிக்கப் பலகைகளில் இருந்தது. 1993இல் நேரடி விமானங்களும் நிறுத்தப்பட்டன. நைஜீரியர்கள் லண்டன், ஆம்ஸ்டர்டாம் வழியாக ஊருக்குப் போய்க்கொண்டேதான் இருந்தார்கள்.

மணிலா விமான நிலையத்தைப் பற்றிப் பயணிகளிடம் ஒரு தீர்ப்பு ஏற்கெனவே இருந்தது. 2015இல் வெடித்த ‘தானிம் பாலா’ விவகாரத்தை அந்த வழியாகப் போனவர்கள் மறக்கவில்லை. பயணிகளின் பைக்குள் ஊழியர்களே தோட்டாவைப் போட்டுவிட்டு, பிறகு ‘கண்டுபிடித்து’, வழக்கு வேண்டாமென்றால் பணம் கொடு என்று மிரட்டுகிறார்கள் என்பது குற்றச்சாட்டு. வயதானவர்கள்கூடப் பெட்டி முழுவதையும் பிளாஸ்டிக் உறையால் இறுக்கச் சுற்றிக்கொண்டு வந்தார்கள். பைகளின் ஜிப்புகளையும் வெளிப் பாக்கெட்டுகளையும் பிசின் நாடாவால் ஒட்டினார்கள். அந்தப் பயணிகளுக்கு அந்த நிலையத்தில் பயமே பாதுகாப்பு ஊழியர்தான். மூன்று வருடம் கழித்து வந்த அமெரிக்கப் பலகை இதைத்தான் சொல்கிறதா, வேறு எதையாவது சொல்கிறதா என்று அவர்களுக்குத் தெரிந்துகொள்ள வழியே இல்லை.

இதை வைத்துப் பயணிகளுக்கே எல்லாம் தெரியும் என்று வாதாடுவது இந்த மடலின் நோக்கமல்ல. பயணி பார்ப்பது வரிசையைச் சுற்றி முப்பது அடி. ஷூவைக் கழற்றச் சொன்னார்களா, தண்ணீர் பாட்டிலைப் பறித்தார்களா, மெட்டல் டிடெக்டர் சத்தம் போட்டபோது காவலர் நிமிர்ந்து பார்த்தாரா என்பதை வைத்து அவர் மதிப்பெண் போடுகிறார். செக்-இன் பெட்டிகள் போகும் கூடம், சரக்குக் கிடங்கு, உணவு வண்டிகள் நுழையும் வாசல், ஊழியர்களுக்கான தனிக் கதவு ஆகியவை அவர் கண்ணில் படுவதே இல்லை. பெரிய நாசங்கள் பலவும் அந்தப் பக்கமிருந்துதான் வந்திருக்கின்றன. ஆகவே, உள்ளே போய்ப் பார்க்கும் அதிகாரமுள்ள ஒரு கண் வேண்டும். அமெரிக்கா அந்தக் கண்ணாக இருப்பதைப் பயணிகள் குறைசொல்லவில்லை. பார்த்ததைச் சொல்லாமல் தீர்ப்பை மட்டும் சொல்வதுதான் குறை.

இந்தப் பலகைகளைக் கட்டாயமாக்கிய சட்டம் பிறந்த கதையைத் தங்கள் அதிகாரிகள் நன்றாக அறிவார்கள். 1985 ஜூன் 14 அன்று ஏதென்ஸிலிருந்து ரோமுக்குக் கிளம்பிய டிடபிள்யூஏ 847 கடத்தப்பட்டது. ஒரு கடற்படை வீரர் கொல்லப்பட்டார். பணயக்கைதிகள் விவகாரம் ஜூன் கடைசி வரை நீண்டது. சில நாள்களிலேயே அதிபர் ரீகன் ஏதென்ஸ் விமான நிலையத்துக்கு எதிராகப் பயண எச்சரிக்கை விடுத்தார். சுற்றுலாப் பருவத்தின் நடுவே கிரீஸுக்கு அது பலத்த அடி. ஆகஸ்டில் நாடாளுமன்றச் சட்டமே வந்தது: வெளிநாட்டு விமான நிலையங்களைச் சோதிப்பது, குறையிருந்தால் அந்த நாட்டுக்கு 90 நாள் அவகாசம் தருவது, திருந்தாவிட்டால் பெயரை ஊரறியச் செய்வது.

அதே ஜூன் மாதம், ஏதென்ஸ் எச்சரிக்கை வந்த சில நாள்களில் என்ன நடந்தது என்பதை நினைவூட்டாமல் இருக்க முடியாது. வான்கூவரில் ஒருவர் பெட்டியை ஒப்படைத்தார், விமானத்தில் ஏறவில்லை. டொரொன்டோவில் அந்தப் பெட்டி ஏர் இந்தியாவின் கனிஷ்கா விமானத்துக்கு மாற்றப்பட்டது. அங்கே பெட்டிகளைச் சோதித்துக்கொண்டிருந்த எக்ஸ்ரே இயந்திரம் பாதியிலேயே பழுதாகி, மீதிப் பெட்டிகளைக் கையடக்கக் கருவியால் முகர்ந்து பார்த்தார்கள். ஜூன் 23 அன்று அயர்லாந்துக்கு அருகே கடலுக்கு மேலே விமானம் வெடித்தது. 329 பேரும் இறந்தார்கள். வான்கூவரிலிருந்து போன இன்னொரு பெட்டி அதே நாளில் ஜப்பானின் நரிதாவில் வெடித்து இரண்டு சுமைத் தொழிலாளர்களைக் கொன்றது. அந்த மாதத்தில் ஏதென்ஸுக்கு எச்சரிக்கை இருந்தது. வான்கூவருக்கும் டொரொன்டோவுக்கும் எச்சரிக்கை இல்லை. கனடா அரசு நீதிபதி ஜான் மேஜர் தலைமையில் ஆணையம் அமைத்து, தன் அமைப்புகளின் தவறுகளை முழுமையாக எழுதி வெளியிட 2010 வரை ஆனது.

பெட்டி மட்டும் வந்து ஆள் வராவிட்டால் என்ன ஆகும் என்பதைச் சென்னை அதற்கு ஒரு வருடம் முன்பே பார்த்திருந்தது. 1984 ஆகஸ்ட் 2 இரவு, கொழும்பு விமானத்துக்காக ஒப்படைக்கப்பட்டு, ஒப்படைத்தவர் ஏறாமல் போனதால் மீனம்பாக்கத்திலேயே தங்கிப்போன பெட்டிகள் வெடித்து சுமார் 30 பேர் இறந்தார்கள். ஒரு நிலையத்தில் கற்ற பாடம் இன்னொரு நிலையத்துக்குப் போய்ச் சேரவில்லை. குறைகளைப் பெயரோடு மட்டுமல்லாமல் விவரத்தோடும் வெளியில் சொல்ல வேண்டும் என்று பயணிகள் கேட்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையா?

ரகசியம் காக்க வேண்டும், ஓட்டை எங்கே என்று சொன்னால் பயங்கரவாதிக்கு வழிகாட்டியதாகிவிடும் என்ற பதில் தங்கள் பக்கமிருந்து வரும். அதில் நியாயம் இருக்கிறது. ஐநாவின் விமானப் போக்குவரத்து அமைப்பான இக்காவோவும் 2002 முதல் நடத்தும் பாதுகாப்புத் தணிக்கைகளின் விவரங்களை ரகசியமாகவே வைக்கிறது. ஆனால் எந்தக் கதவில் பூட்டு இல்லை என்று சொல்வது வேறு. குறை கைப்பையில் இருக்கிறதா, செக்-இன் பெட்டியில் இருக்கிறதா, ஊழியர் அனுமதியில் இருக்கிறதா என்று வகை சொல்வது வேறு. பிரிட்டன் இதில் கொஞ்சம் மேலாக நடந்துகொண்டிருக்கிறது. 2015 அக்டோபர் 31 அன்று எகிப்தின் ஷர்ம் எல் ஷேக்கிலிருந்து கிளம்பிய ரஷ்ய விமானம் சினாய் மீது விழுந்து 224 பேர் இறந்தபோது, லண்டன் சில நாள்களிலேயே அந்த நிலையத்துக்கான விமானங்களை நிறுத்தியது. அங்கே மாட்டிக்கொண்டவர்களை அழைத்துவந்தபோது கைப்பை மட்டும்தான் அவர்களோடு வரலாம், பெட்டிகள் தனியாக வரும் என்றது. ஊரில் தங்குவதற்குத் தடையில்லை, விமானத்தில் போய்வருவதுதான் ஆபத்து என்றும் பிரித்துச் சொன்னது. ஆபத்தை எங்கே பார்க்கிறார்கள் என்று பயணிக்குப் புரிந்தது.

அந்த நிலையத்தில் பணம் கொடுத்தால் சோதனை வரிசையைத் தாண்டிப் போய்விடலாம் என்று பிரிட்டன் பயணிகள் சிலர் பத்திரிகைகளிடம் சொன்னதும் அதே நாள்களில்தான். விமானம் விழுந்த பிறகு சொன்னார்கள். அதற்கு முன்பு அவர்களிடம் கேட்க எவரும் இல்லை.

இன்னொரு பாடம் லாக்கர்பி. 1988 டிசம்பர் 5 அன்று ஹெல்சிங்கியிலுள்ள அமெரிக்கத் தூதரகத்துக்கு ஒரு மிரட்டல் அழைப்பு வந்தது. பிராங்க்பர்ட்டிலிருந்து அமெரிக்கா செல்லும் பான் ஆம் விமானம் ஒன்று தகர்க்கப்படும் என்றது அது. மாஸ்கோ தூதரக ஊழியர்கள் படிப்பதற்காக அந்தத் தகவல் அங்கே ஒட்டப்பட்டது. டிக்கெட் வாங்கிய மாணவர்களுக்கும் குடும்பங்களுக்கும் அது தெரியாது. டிசம்பர் 21 அன்று பான் ஆம் 103 ஸ்காட்லாந்தின் லாக்கர்பி மீது வெடித்து 270 பேர் இறந்தார்கள். அந்த அழைப்புக்கும் குண்டுக்கும் தொடர்பில்லை என்று விசாரணையாளர்கள் பிறகு முடிவுசெய்தார்கள். ஆனாலும் பெற்றோர்கள் கேட்ட கேள்வி தணியவில்லை: அரசு ஊழியருக்குத் தெரிந்தது எங்கள் பிள்ளைக்கு ஏன் தெரியக்கூடாது? தன் ஊழியர்களுக்குச் சொல்லும் ஆபத்தைக் குடிமக்களுக்கும் சொல்ல வேண்டும் என்ற கொள்கையை அமெரிக்கா கடைப்பிடிப்பதற்குப் பின்னால் அந்தப் பெற்றோர்களின் அலைச்சல் இருக்கிறது. மணிலா பலகை எழுதப்பட்டபோது அந்தக் கொள்கையின் பாதிதான் நினைவிலிருந்தது.

தீர்ப்பின் அளவுகோல் பற்றியும் பயணிகளுக்குச் சந்தேகம் உண்டு. 2017 மார்ச்சில் எட்டு நாடுகளின் பத்து விமான நிலையங்களிலிருந்து வருவோர் கைபேசியைவிடப் பெரிய மின்னணுக் கருவிகளை விமானத்துக்குள் கொண்டுவரக் கூடாது என்றது தங்கள் துறை. துபாய், அபுதாபி, தோஹா மூன்றும் பட்டியலில் இருந்தன. அதே நாளில் பிரிட்டனும் ஒரு பட்டியல் வெளியிட்டது. அதில் இந்த மூன்றும் இல்லை. ஆக, ஒரே துபாய் நிலையத்தில், ஒரே காலையில், லண்டன் போகிறவர் மடிக்கணினியில் வேலை பார்த்துக்கொண்டே போனார். நியூயார்க் போகிறவர் போர்டிங் கேட்டில் தன்னுடையதைக் கொடுத்துவிட்டு, அது பெட்டிக்குள் போய் விமானத்தின் அடிவயிற்றில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சென்னையிலிருந்து துபாய் வழியாக அமெரிக்கா போன மென்பொருள்காரர் கொடுத்தாக வேண்டும்; பிராங்க்பர்ட் வழியாகப் போன சக ஊழியர் கொடுக்க வேண்டாம். லித்தியம் பேட்டரிகளை மொத்தமாகச் சரக்கறையில் வைப்பதே தீ அபாயம் என்று விமானத் துறையினர் எச்சரித்ததும் உண்டு. ஜூலை மாதத்தில் ஒவ்வொரு நிலையமாகத் தடை நீங்கியது. இரண்டு நட்பு நாடுகள் ஒரே மாதிரியான உளவுத் தகவலை வைத்துக்கொண்டு ஏன் இரண்டு விதமாக முடிவெடுத்தன என்று இன்றுவரை பயணிகளுக்கு விளக்கம் தரப்படவில்லை.

அமெரிக்காவின் சொந்த நிலையங்கள்? 2015இல் தங்கள் துறையின் சோதனைக் குழுவினரே போலி ஆயுதங்களோடும் வெடிபொருள்களோடும் அமெரிக்க விமான நிலையங்களுக்குள் நுழைந்து பார்த்தார்கள். 70 முயற்சிகளில் 67 தடவை பிடிபடவில்லை என்ற செய்தி வெளியாகி, விமான நிலையச் சோதனைகளை நடத்தும் டிஎஸ்ஏவின் தற்காலிகத் தலைவர் மாற்றப்பட்டார். எந்த நிலையத்தின் வாசலிலும் பலகை வைக்கப்படவில்லை. வைத்திருக்க வேண்டும் என்றும் பயணிகள் கேட்கவில்லை. தம் வீட்டில் குறை தெரிந்தால் ஆளை மாற்றி, பயிற்சியைக் கூட்டிச் சரிசெய்யும் அதே பொறுமை, மணிலாவுக்கும் பாலிக்கும் கிடைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். 2005 டிசம்பரில் இந்தோனேசியாவின் பாலி விமான நிலையத்தின் பெயர் பலகையில் ஏறியது. அந்த அக்டோபரில்தான் உணவகக் குண்டுவெடிப்புகளால் அந்தத் தீவின் சுற்றுலா சிதைந்திருந்தது. பெயர் நீங்க 2007 ஆனது.

மாண்புமிகு செயலாளர் அவர்களே, சட்டத்தைத் திருத்தாமலேயே செய்யக்கூடியவை சில இருக்கின்றன. அறிவிப்பில் குறையின் வகையைக் குறிப்பிடலாம். எந்த மாதம் சோதித்தார்கள், அடுத்த சோதனை எப்போது என்று போடலாம். டிக்கெட் கையில் வந்த பிறகு நீட்டாமல், பணம் கட்டுவதற்கு முந்தைய திரையிலேயே காட்டச் சொல்லி விமான நிறுவனங்களைப் பணிக்கலாம். ஷர்ம் எல் ஷேக்கில் வரிசைக்குப் பணம் கேட்கப்பட்டவரும், மணிலாவில் பைக்குள் தோட்டாவைக் கண்டவரும் தாம் பார்த்ததை எழுதி அனுப்ப ஒரு முகவரி தரலாம். வருவதைப் படிக்க ஆள் போடலாம். பெயர் விலக்கப்படும்போது, எச்சரிக்கைக் கடிதம் பெற்ற ஒவ்வொரு பயணிக்கும், எது சரிசெய்யப்பட்டது என்று இன்னொரு கடிதம் அதே விமான நிறுவனம் வழியாகப் போக வேண்டும்.

இப்படிக்கு,
அடிக்கடி கடல் கடந்து வீடு திரும்பும் பயணிகளின் சார்பில்