கடைமடையின் கடமை

செஞ்சி மலைப்பகுதியில் தோன்றும் சங்கராபரணி ஆறு, வீராம்பட்டினத்திற்கு அருகே வங்கக்கடலில் கலக்கிறது. தலைமடையில் நீர் கலங்கினால் கடைமடையும் கலங்கும். கடைமடையில் தெளிந்த நீரோ தலைமடைக்குத் திரும்புவதில்லை. கட்டற்ற மென்பொருள் உலகிலும் இவ்விரு மடைகள் உண்டு. ஆனால், அங்கே தெளிவைத் தலைமடைக்குத் திருப்பியனுப்ப இயலும். அவ்வாறு அனுப்புதல் கடைமடையின் கடமை என்பதே என் கருத்து.

கட்டற்ற மென்பொருளின் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம். அதனை எழுதிப் பேணுவோர் தலைமடையினர். பெற்றுத் தொகுத்துப் பயனர்க்கு வழங்குவோர் கடைமடையினர். 1993இல் தொடங்கப்பட்ட டெபியன் இயங்குதளம் பல்லாயிரம் மென்பொருள்களை இவ்வாறு தொகுத்தளிக்கிறது. அதனை அடிப்படையாகக் கொண்டு சி-டாக் நிறுவனம் 2007இல் 'பாஸ்' இயங்குதளத்தை வெளியிட்டது. தமிழக அரசு மாணவர்க்கு வழங்கிய மடிக்கணினிகளிலும் அது இடம்பெற்றது. மூல ஆசிரியர்க்குக் கடைமடையான டெபியன், பாஸ் இயங்குதளத்திற்குத் தலைமடையாகிறது.

கணினித் திரையில் 'கொ' என்னும் எழுத்து சிதைந்து தோன்றுவதைக் கண்ட மாணவர் ஒருவர், அப்பிழையைத் திருத்துவதாகக் கொள்வோம். திருத்தத்தைத் தம்மளவில் நிறுத்திக்கொண்டால், அடுத்த பதிப்பில் பிழை மீண்டும் தலைகாட்டும். தலைமடைக்கு அனுப்பினால், யாழ்ப்பாணத்திலும் சிங்கப்பூரிலும் தமிழ் படிப்போரும் பயன்பெறுவர்.

கலந்து பேசினால் மட்டும் போதாது. தெளிவாகப் பேசவும் வேண்டும். தகவல்களை மறையாக்கிக் காக்கும் 'ஓப்பன்எஸ்எஸ்எல்' மென்பொருளில் இரு வரிகளை நீக்கலாமா என, 2006இல் டெபியன் பராமரிப்பாளர் ஒருவர் மூலக் குழுவினரிடம் வினவினார். அம்மாற்றம் டெபியன் பயனர் அனைவரையும் சென்றடையும் என்பது வினாவில் தெளிவாகவில்லை. விடையும் ஆழ்ந்த ஆய்வின்றி வந்தது. வரிகள் நீக்கப்பட்டன. எவராலும் ஊகிக்க இயலாதிருக்க வேண்டிய மறைச்சாவிகள், ஒவ்வொரு வகையிலும் ஏறத்தாழ 32 ஆயிரமாகச் சுருங்கின. இக்குறை 2008 மே மாதத்தில்தான் வெளிப்பட்டது. உலகெங்கும் எண்ணற்ற சாவிகளை மாற்ற நேர்ந்தது.

'உரிமம் கட்டாயப்படுத்தாதபோது திருத்தத்தை ஏன் திருப்பியனுப்ப வேண்டும்?' எனச் சிலர் வினவலாம். பிழைகளையும் மேம்பாடுகளையும் மூல ஆசிரியர்க்குத் தெரிவிப்போம் என்று டெபியன் 1997இலேயே தன் சமூக ஒப்பந்தத்தில் உறுதியளித்தது. எவரும் வற்புறுத்தி எழுந்த உறுதிமொழி அன்று அது. தலைமடையினர்க்கும் கடமை உண்டு. வரும் திருத்தத்தைப் பொறுமையுடன் ஆராய்ந்து, ஏற்காவிடில் காரணம் கூறுதல் வேண்டும்.

பெற்றதைத் திருத்திப் பெற்ற இடத்திற்கே திருப்பியளிப்போர் உள்ளவரை, பொதுச்செல்வம் வற்றாது.