சார்ஜ் இறங்கிறது எங்கட பிழை மட்டுமோ?

போன மாதம் கொழும்பில இருந்து யாழ்ப்பாணத்துக்கு இரவு பஸ்ஸில வந்தனான். வெள்ளவத்தையில ஏறேக்க போனில 41 வீதம். சீற்றுக்குப் பக்கத்தில சார்ஜ் போடுற இடம் இருந்தது, ஆனால் வேலை செய்யேல்லை. கண்டக்டரிட்டக் கேட்டன். "அது கனநாளா அப்பிடித்தான் தங்கச்சி" எண்டார். வவுனியா தாண்டேக்க 3 வீதம். கிளிநொச்சிக்கு முதலே போன் நிண்டிட்டுது.

விடிய நாலரைக்கு இறங்கினால் அப்பாவைக் காணேல்லை. பஸ் முந்தி வந்திட்டுது. ஒரு ஆட்டோ அண்ணை தன்ர போனைத் தந்தார். ஆனால் அப்பாவின்ர நம்பர் எனக்குப் பாடமில்லை. பூட்டின கடையொன்றின்ர லைற்றுக்குக் கீழ அரை மணித்தியாலம் நிண்டன். அப்பா வந்து கேட்ட முதல் கேள்வி: "போனைச் சார்ஜ் போட்டுக்கொண்டு வர ஏலாதோ?"

என்னில பிழை இல்லையெண்டு சொல்ல மாட்டன். வெளிச்சத்தை முழுக்க வைச்சு வீடியோ பார்த்தனான். காட்டுப் பகுதியில சிக்னல் ஏறி இறங்கேக்க போன் டவரைத் தேடித் தேடியே கூடுதலாகச் சார்ஜ் தின்னும் எண்டது தெரிஞ்சும் டேட்டாவை நிப்பாட்டேல்லை. நித்திரை கொள்ளுற நேரம் பிளைற் மோடில போட்டிருந்தாலே காணும். பவர் சேவரை 10 வீதத்தில போட்டுப் பெரிசா லாபமில்லை. 60 வீதத்தில போடோணும். திறந்து கிடக்கிற ஆப்களைத் தள்ளித் தள்ளி மூடுறதும் வீண்வேலை. திரும்பத் திறக்கேக்க அதுக்கும் சார்ஜ் போகும். பவர் பாங்க் வாங்குறவைக்கும் ஒரு கதை: 10,000 எம்ஏஎச் எண்டு எழுதியிருந்தால் அதில ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் போனுக்கு வந்து சேரும்.

இதெல்லாம் நாங்கள் செய்யவேண்டியது. ஆனால் கதை இதோட முடியிறதில்லை.

பஸ் ரிக்கெற், வங்கியின்ர ஓரீபி, கம்பஸ் அறிவித்தல் எல்லாத்தையும் போனுக்குள்ள தள்ளிப்போட்டினம். 2022 மார்ச் கடைசியில ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் கட். அதே வருசம் ஜூலையில எரிபொருளுக்கு கியூஆர் வந்தது. கரண்ட் இல்லாத நாட்டில கியூஆரைக் காட்டினால்தான் பெற்றோல் எண்ட நிலைமையைக் கண்டனாங்கள். போன் கட்டாயம் எண்டால் அதுக்குக் கரண்ட் குடுக்கிறதும் பொதுவசதிதானே? பஸ் ஸ்டாண்டில தண்ணிப் பைப், கழிப்பறை வேணும் எண்டு கேக்கிறம். நாலு பிளக் பொயின்ற் கேக்க மட்டும் ஏன் வெட்கப்படுறம்?

இலவசமாக வேணுமெண்டும் இல்லை. தேத்தண்ணிக் கடைக்காரருக்கும் கரண்ட் பில் வரும். "அரை மணித்தியாலத்துக்கு இவ்வளவு" எண்டு ஒரு மட்டையில எழுதிவிட்டால் நான் குடுப்பன். எனக்குக் கோபம் சீற்றில பொயின்ற் இருக்குது எண்டு காட்டிக் காசு வாங்கிப்போட்டு, அதைத் திருத்தாமல் விடுற பஸ்காரரிலதான்.

இதில அடிபடுறது ஆர் எண்டும் பாருங்கோ. புதுப் போன் வைச்சிருக்கிறவருக்கு ஒரு நாள் தாங்கும். அக்கா பாவிச்சு விட்ட போனைக் கொண்டு திரியிற பிள்ளைக்குப் பின்னேரம் நாலு மணிக்கே முடிஞ்சிடும். பற்றரி பழசானால் அப்பிடித்தான். அவள் இருட்டில தனிய நிக்கேக்க "கவனமில்லாத பிள்ளை" எண்டு சொல்லிப்போட்டுப் போறது சரியான லேசு. அடுத்தமுறை "கொழும்புக்குத் தனியப் போகவேண்டாம்" எண்டு தொடங்கும். ஒரு பிளக் பொயின்ற் இல்லாததால ஒருத்தியின்ர பயணமே நிண்டுபோகக் கூடாது.

தொண்ணூறுகளில யாழ்ப்பாணத்தில கரண்ட் இல்லாத காலம், சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்டதாக அப்பா பெருமையாகச் சொல்லுவார். பெருமைதான். ஆனால் அது வேறை வழியில்லாமல் செய்தது. இப்ப வழி இருக்குது.

நான் அப்பாவின்ர நம்பரைப் பாடமாக்கிப்போட்டன். அம்மாவின்ரயையும் ஒரு துண்டில எழுதி பேர்ஸுக்குள்ள வைச்சிருக்கிறன். நீங்களும் எழுதி வையுங்கோ. அடுத்தமுறை சீற் புக் பண்ணேக்க ஏசி இருக்கோ எண்டு கேக்கிற மாதிரி, "சார்ஜ் பொயின்ற் வேலை செய்யுதோ?" எண்டும் கேளுங்கோ. பத்துப்பேர் கேட்டால் திருத்துவினம்.