வெளிச்சம் வரும் துளைகள்
எதிர் வீட்டுப் பெண் பாலிடெக்னிக்கில் கடைசி வருடம். போன ஞாயிறு திண்ணையில் உட்கார்ந்து, தானே தயாரித்த சர்க்யூட் போர்டில் துளை போட்டுக்கொண்டிருந்தாள். பெர்ரிக் குளோரைடில் வேண்டாத தாமிரம் கரைந்து தடங்கள் துலங்கும் அழகைத்தான் எல்லாரும் சொல்வார்கள்; எனக்கென்னவோ, செய்பவரின் பொறுமை தெரிவது இந்தத் துளைகளில்தான். ஐசியின் ஒரு காலுக்கும் அடுத்த காலுக்கும் இடைவெளி 2.54 மில்லிமீட்டர், போடும் துளை 0.8 மில்லிமீட்டர். ஒன்று கொஞ்சம் விலகினாலும் ஐசி ஒழுங்காக உட்காராது. அவள் ஒவ்வொரு தாமிர வட்டத்தின் நடுவிலும் ஊசிமுனை அளவு இடத்தைத் தாமிரமில்லாமல் விட்டிருந்தாள். அந்தச் சின்னப் பள்ளத்தில் டிரில் பிட் தானாகப் போய் நின்றுகொள்கிறது, வழுக்குவதில்லை. யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "மூணு போர்டு வீணாச்சு மாமா, அதுதான்" என்றாள். கார்பைடு பிட் கண்ணாடியிழைப் பலகையைச் சுத்தமாகத் துளைக்கும், ஆனால் கை லேசாகச் சாய்ந்தால் படக்கென்று முறிந்துவிடும். ஸ்டீல் பிட் சாய்வைக் கொஞ்சம் தாங்கும், ஆனால் சீக்கிரமே மழுங்கிப்போகும். இதையெல்லாம் விரல்களால் கற்றிருக்கிறாள். ஒன்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை, மூக்கை மூடவில்லை. பறக்கும் அந்த வெள்ளைத் தூளில் கண்ணாடி இருக்கிறது, நெஞ்சுக்குள் போகக்கூடாதது. வீட்டுக்கு ஓடி ஒரு முகக்கவசம் எடுத்துவந்து கொடுத்தேன். மாட்டிக்கொண்டு மிச்சத்தையும் முடித்தாள். போர்டை வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடித்தாள். 16 துளைகளிலும் வெளிச்சம் வந்தது.