பேயா, பித்தா, மூளை அழற்சியா?

நேற்று வரை கல்லூரிக்கும் கோவிலுக்கும் ஒழுங்காகச் சென்று வந்த பெண், ஒரே வாரத்தில் உறக்கம் இழக்கிறாள். தன்னை யாரோ கொல்ல வருவதாக அலறுகிறாள். பெற்ற தாயையே அந்நியரைப்போல் வெறித்துப் பார்க்கிறாள். வாயும் நாக்கும் ஓயாமல் அசைகின்றன. பின்னர் வலிப்பு வருகிறது, பேச்சும் நின்றுவிடுகிறது. இதைக் காணும் வீட்டார் முதலில் என்ன நினைப்பர் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. பேய் பிடித்தது என்பார் சிலர்; சித்தம் கலங்கியது என்பார் சிலர். இவ்விரண்டும் அல்லாத மூன்றாவது காரணம் ஒன்று உண்டு. அதனை மருத்துவ உலகமே 2007-ஆம் ஆண்டில்தான் தெளிவாக அறிந்தது.

ஸ்பெயின் நாட்டவரான ஜோசப் டால்மாவ் என்னும் நரம்பியல் மருத்துவர் அப்போது அமெரிக்காவில் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றி வந்தார். 2005-இல் அவரும் அவருடன் உழைத்தோரும் நான்கு பெண்களைப் பற்றி எழுதினர். நால்வருக்கும் மனக் குழப்பம், நினைவு மறதி, மூச்சுத் தளர்ச்சி. நால்வருக்கும் சினைப்பையில் டெரட்டோமா என்னும் கட்டி. வயிற்றிலுள்ள கட்டிக்கும் மூளைக்கும் என்ன தொடர்பு? விடை கிடைக்க மேலும் இரண்டு ஆண்டுகள் ஆயின.

கிருமிகள் உடலில் புகுந்தால் அவற்றைப் பற்றிப் பிடிக்க இரத்தத்தில் எதிர்ப்பொருள்கள் உண்டாகின்றன. இது இறைவன் நம் உடலுக்கு அளித்துள்ள காவல். டெரட்டோமாவோ விந்தையான கட்டி. அதனுள் முடியும் பல்லும், பல வேளைகளில் நரம்புத் திசுவும் காணப்படும். இருக்கத் தகாத இடத்தில் நரம்புத் திசுவைக் கண்ட காவல், அதனைப் பகையென்று கொண்டு எதிர்ப்பொருளை உண்டாக்குகிறது. அதே எதிர்ப்பொருள் மூளையையும் தாக்குகிறது. நரம்பணுக்கள் செய்தி பெறும் வாயில்களுள் ஒன்றுக்கு என்.எம்.டி.ஏ. ஏற்பி என்று பெயர். எதிர்ப்பொருள் அதனைப் பற்றியதும் நரம்பணு அவ்வாயிலைத் தன்னுள் இழுத்துக்கொள்கிறது. வாயில்கள் குறையக் குறைய நினைவும் பேச்சும் அறிவும் தடுமாறுகின்றன. ஆயினும் நரம்பணு பெரும்பாலும் சாவதில்லை. எதிர்ப்பொருளை அகற்றினால் வாயில்கள் மீண்டும் வெளிவருகின்றன. இந்நோயைப் பற்றிய செய்திகளில் மிகவும் ஆறுதலானது இதுவே.

கட்டி எல்லாரிடமும் இருப்பதில்லை. சிறுவருக்கும் ஆண்களுக்கும்கூட இந்நோய் வருகிறது. ஹெர்ப்பிஸ் கிருமியால் மூளைக்காய்ச்சல் கண்டவர்களுக்குச் சில வாரங்கள் கழித்து வருவதும் உண்டு.

உடலின் காவல் மூளையின்மீதே திரும்புவது புதிதன்று. தொண்டைப் புண் ஆறிய சில வாரங்களில் கைகால்கள் தாமாகவே துள்ளும் குழந்தை நோய் ஒன்றுண்டு. அதற்கு ஐரோப்பாவில் வழங்கிய பெயர் 'புனித வீத்துஸ் நடனம்'. அப்புனிதரை நோக்கி மன்றாடிய தாய்மார் தவறு செய்யவில்லை. மருந்து அன்று இல்லை, அவ்வளவுதான்.

இன்று மருந்து உண்டு. 2009-இல் நியூயார்க் நகரில் சூசன்னா கஹாலன் என்னும் 24 வயதுப் பத்திரிகையாளர் இந்நோயால் விழுந்தார். பல சோதனைகளில் ஒன்றும் புலப்படவில்லை. சூஹெல் நஜ்ஜார் என்ற மருத்துவர் ஒரு தாளைக் கொடுத்துக் கடிகாரம் வரையச் சொன்னார். அவரோ 12 எண்களையும் வட்டத்தின் வலப்பக்கத்திலேயே நெருக்கி எழுதினார். மூளையின் வலப்பாதி அழற்சியுற்றிருப்பதை மருத்துவர் அதனால் உணர்ந்தார். அப்பெண் குணமடைந்து மீண்டும் பத்திரிகைப் பணிக்குத் திரும்பி, 2012-இல் தம் கதையை நூலாகவும் வெளியிட்டார்.

முதுகுத் தண்டு நீரை எடுத்து எதிர்ப்பொருளைத் தேடுவதே உறுதியான சோதனை. ஸ்டீராய்டு, இம்யூனோகுளோபுலின், பிளாஸ்மா மாற்றம், தேவையானால் ரிடுக்ஸிமாப் ஆகியவை சிகிச்சைகள். கட்டி இருந்தால் அறுத்து எடுக்க வேண்டும். 2013-இல் வெளியான பெரியதோர் ஆய்வில் தொடர்ந்து கவனிக்கப்பட்ட 501 பேரில் 394 பேர் இரண்டு ஆண்டுகளுக்குள் நன்னிலை அடைந்தனர். 30 பேர் இறந்தனர். சிகிச்சையைத் தாமதமின்றித் தொடங்கியவர்கள் நன்கு தேறினர். நம் நாட்டில் பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் இந்நோய் கண்டோர் பலர் சிகிச்சை பெற்றுள்ளனர்.

மனநோய் அனைத்தும் இதுவே என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். பெரும்பாலான மனநோய்கள் வேறு. அவற்றிற்கு மனநல மருத்துவரே தேவை. ஆனால் முன்பு எக்குறையுமின்றி இருந்தவர் சில நாட்களில் அல்லது வாரங்களில் மாறிப்போனால், அத்துடன் வலிப்போ, வாயசைவோ, பேச்சிழப்போ, காய்ச்சலோ சேர்ந்தால், நரம்பியல் மருத்துவர் பார்க்க வேண்டும். உளநோய் மருந்து கொடுத்தபின் உடல் விறைத்துப்போனாலும் அவ்வாறே.

இவ்விடத்தில் திருச்சபையின் போதனையையும் கூறியாக வேண்டும். பேய் பிடித்தது என்று எளிதில் நம்பலாகாது என 1614-ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூலே குருக்களை எச்சரித்தது. நோய் என்பது வேறு, அதனைக் கவனிப்பது மருத்துவத்தின் கடமை என்று கத்தோலிக்க மறைக்கல்வி ஏடு கூறுகிறது. தல ஆயரின் தனிப்பட்ட, வெளிப்படையான அனுமதியின்றி எவரும் பேயோட்டும் சடங்கு நிறைவேற்ற முடியாது என்பது திருச்சபைச் சட்டம் 1172. ஆகவே, பெண்ணைக் கட்டி வைத்து அடிப்பவரும், பட்டினி போடுபவரும், செபக் கூட்டம் என்ற பெயரில் மருந்தை நிறுத்தச் சொல்பவரும் திருச்சபையின் பெயரால் பேசுவதில்லை. பங்குத் தந்தையை அழையுங்கள். நோயில்பூசுதல் பெறச் செய்யுங்கள். மருத்துவமனைக்குச் செல்லும் வண்டியை மட்டும் அதற்காக நிறுத்தி வைக்காதீர்கள்.

வீடு திரும்பியபின்னும் பொறுமை வேண்டும். பல மாதங்கள் வரை சினமும் குழந்தைத்தனமும் மறதியும் இருக்கலாம். ஏறத்தாழ நூற்றுக்குப் பன்னிருவருக்கு இரண்டு ஆண்டுகளுக்குள் நோய் திரும்புகிறது. மருத்துவர் குறித்த நாட்களில் தவறாமல் காட்டி வாருங்கள். நோயின்போது அவள் கூறிய வசைகளை எடுத்துச் சொல்லிக் குற்றப்படுத்த வேண்டாம். அந்நாட்கள் பெரும்பாலும் அவள் நினைவிலேயே இருப்பதில்லை.