தொண்ணூற்றேழு மார்க் வாங்கிய ஒயின்



இது கொஞ்சம் நீளமான பதிவு. காபி குடித்துக்கொண்டே நிதானமாகப் படியுங்கள்.

தலைப்பைப் பார்த்ததும் "மாமா எப்ப இருந்து இப்படி?" என்று குடும்பக் குழுவில் கேள்வி வரும். அதற்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் மகன் பிரான்சில் துலூஸ் நகரத்தில் வேலை பார்க்கிறான். அவனோடு மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தேன். அங்கிருந்து போர்டோ ரயிலில் இரண்டு மணி நேரம்தான். அந்த மூன்று மாதத்தில் நான் ருசி பார்த்ததை எல்லாம் சேர்த்தால் ஒரு டம்ளர் நிறையாது. சர்க்கரை மாத்திரை போடுகிறவன் நான். யாரையும் குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. குடியால் அழிந்த குடும்பங்களைப் பள்ளிக்கூடத்தில் உட்கார்ந்தபடியே நிறையப் பார்த்தவன். இது விலையைப் பற்றியும் மார்க்கைப் பற்றியுமான பதிவு.

போன வாரம் என் பழைய மாணவன் ஒருவன் பெங்களூரிலிருந்து போன் செய்தான். பெயர் வேண்டாம். அவன் கம்பெனியின் பிரெஞ்சு மேலதிகாரி ஊருக்குத் திரும்பிப் போகிறாராம். அவருக்குப் பரிசு கொடுக்க ஒரு சிவப்பு ஒயின் பார்த்து வைத்திருக்கிறான். விலை 42,000 ரூபாய்.

"தொண்ணூத்தேழு பாயிண்ட் வாங்குன ஒயினுங்க சார். மூணு தவணையில கட்டிக்கலாம். நீங்கதான் அந்த ஊருக்கே போய்ப் பார்த்துட்டு வந்தீங்களே, வாங்கலாமுங்களா?"

அவனுக்கு வீட்டுக் கடன் இருக்கிறது. இரண்டு பிள்ளைகளுக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறான். ஒரு நாள் டைம் கொடு என்று சொல்லி போனை வைத்தேன். அவனுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன்.

முதலில் விலைக்கு உள்ள நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். நல்ல சிவப்பு ஒயின் சும்மா வந்துவிடுவதில்லை. போர்டோ பக்கம் சாந்தெமிலியோனில் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்தேன். பெரிய பெயருள்ள தோட்டங்களில், மீதிக் குலைகளுக்குச் சத்து சேரட்டும் என்று, காய்க்கும்போதே சில குலைகளை நறுக்கிக் கீழே போட்டுவிடுகிறார்கள். பழத்தைக் கையால் பறிக்கிறார்கள். ஓக் மரப் பீப்பாயில் ஒன்றரை வருடம், இரண்டு வருடம் வைக்கிறார்கள். அந்தப் பீப்பாய் 225 லிட்டர் கொள்ளும். புதுசு ஒன்று ஏறக்குறைய 1,000 யூரோ. 225 லிட்டர் என்றால் 750 மில்லி பாட்டில் 300. அதாவது பீப்பாய்ச் செலவு பாட்டிலுக்கு மூன்றே கால் யூரோவுக்குச் சற்று மேல்.

கெமிஸ்ட்ரி வாத்தியார் என்பதால் ஒரு வரி. சிவப்பு ஒயினில் நாக்கைப் பிடிக்கும் துவர்ப்பு இருக்கிறதே, அதற்குக் காரணம் டானின். பாக்கிலும் வாழைப்பூவிலும் கடுந்தேநீரிலும் இருக்கிற அதே வகைப் பொருள்தான். திராட்சைத் தோலிலிருந்தும் விதையிலிருந்தும் வருகிறது, கொஞ்சம் பீப்பாய் மரத்திலிருந்தும் சேர்கிறது. வருடம் ஆக ஆக அந்தத் துவர்ப்பு மெதுவாக அடங்கும். மலிவு ஒயினுக்கும் நல்ல ஒயினுக்கும் இதில் வித்தியாசம் உண்டு. எனக்கே தெரிந்தது.

ஆனால் பீப்பாய், கார்க், பாட்டில், கூலி, காத்திருந்த காலம் என்று எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தேன். நிலத்தின் விலையை விட்டுவிட்டால், என் கணக்கு முப்பது நாற்பது யூரோவைத் தாண்டவில்லை. அங்கே புகழ்பெற்ற பாட்டில்கள் ஐந்நூறு அறுநூறு யூரோவுக்குப் போகின்றன. மீதி எங்கே போகிறது?

பெயருக்குப் போகிறது. அந்தப் பெயர் வந்த கதையைக் கேளுங்கள். 1855இல் பாரிஸில் நடந்த பெரிய கண்காட்சிக்காக, போர்டோ ஒயின்களைத் தரம் பிரித்துத் தரச் சொன்னார் மூன்றாம் நெப்போலியன். ஒயின் தரகர்கள் அவற்றை ஐந்து வகுப்பாகப் பிரித்தார்கள். எதை வைத்து? பல வருடமாக எது என்ன விலைக்குப் போனது என்பதை வைத்து! விலை அதிகம் போனது முதல் வகுப்பு. அன்றிலிருந்து முதல் வகுப்பு என்பதாலேயே அதற்கு விலை அதிகம். இரண்டாம் வகுப்பில் இருந்த மூத்தோன் ரோத்ஷில்ட் 1973இல் முதல் வகுப்புக்கு ஏறியது. அதைத் தவிர அந்தப் பட்டியலில் பெரிய மாற்றம் எதுவும் நடக்கவில்லை. நம் வகுப்பில் முதல் நாள் முதல் பெஞ்சில் உட்கார்ந்தவன் வருடம் முழுக்க முதல் பெஞ்சுப் பையனாகவே இருப்பானே, அது மாதிரிதான்.

சரி, பெயரை மறைத்துவிட்டுக் கொடுத்தால்? 1976 மே 24ஆம் தேதி பாரிஸில் அப்படி ஒரு போட்டி நடந்தது. ஸ்டீவன் ஸ்பரியர் என்ற ஆங்கிலேய வியாபாரி நடத்தினார். லேபிள் தெரியாமல் ஊற்றிக் கொடுத்தார்கள். மார்க் போட்டவர்கள் ஒயினே தொழிலாக உள்ள பிரெஞ்சுக்காரர்கள். சிவப்பில் முதலாவதாக வந்தது கலிபோர்னியாவின் ஸ்டாக்ஸ் லீப், 1973ஆம் வருடத்து ஒயின். அதற்குப் பின்னால் நின்றது சாட்சாத் மூத்தோன் ரோத்ஷில்டேதான்.

விலைச் சீட்டு நாக்கை எப்படி ஏமாற்றுகிறது என்பதற்கு இன்னொரு ஆராய்ச்சி. 2008இல் கலிபோர்னியாவின் கால்டெக் கல்வி நிறுவனத்து ஆட்கள் வெளியிட்டார்கள். ஒரே ஒயினை ஒரு முறை 10 டாலர் என்றும் இன்னொரு முறை 90 டாலர் என்றும் சொல்லிக் கொடுத்தார்கள். 90 என்று சொன்னபோது நன்றாக இருக்கிறது என்றார்கள். பொய்யும் சொல்லவில்லை. ஸ்கேன் எடுத்துப் பார்த்தால், இன்பத்தை உணரும் மூளைப் பகுதியும் அப்போது கூடுதலாக வேலை செய்திருக்கிறது.

நானும் துலூஸில் மகன் வீட்டுச் சமையல்கட்டில் ஒரு சின்ன பிராக்டிகல் நடத்தினேன். வாத்தியார் புத்தி போகுமா? 6 யூரோ பாட்டில் ஒன்று, 22 யூரோ பாட்டில் ஒன்று, மகனுக்கு ஆபீசில் பரிசாக வந்த 110 யூரோ பாட்டில் ஒன்று. மூன்றையும் செய்தித்தாளில் சுற்றி நம்பர் போட்டேன். மகன், மருமகள், பக்கத்து வீட்டு பிரெஞ்சுத் தம்பதி ஆகியோர் பரிசோதனைக்கு உட்பட்டவர்கள். அந்த வீட்டு அம்மாள் மட்டும் விலை உயர்ந்ததைச் சரியாகச் சொன்னார். அவர் சின்ன வயதிலிருந்து ருசி பார்த்துப் பழகியவர். மற்ற மூன்று பேரும் 22 யூரோவைத்தான் உசத்தி என்றார்கள். மருமகளுக்கு நான் ஒரே ஒயினை இரண்டு தடவை ஊற்றினேன். முதலில் பத்துக்கு ஆறு போட்டாள், அடுத்தது எட்டு. உண்மையைச் சொன்னதும், "மாமா, இனிமே உங்க கையால எதையும் வாங்கிக் குடிக்க மாட்டேன்" என்றாள். காகிதத்தைப் பிரித்த பிறகு நானும் அந்த 110ஐ ஒரு வாய் மறுபடி ருசி பார்த்தேன். முன்பு தெரியாத ஒரு வாசனை அப்போது தெரிந்தது! என் நாக்கும் சாமானிய நாக்குதான்.

இதைச் சொன்னதும் மாணவன் மடக்கினான். "அப்ப விலையைச் சொல்லிக் குடுத்தா பாஸுக்கு நல்லா ருசிக்குமுங்களே சார்?" கெட்டிக்காரன். நான் கேட்டேன்: "தம்பி, விலைச் சீட்டைக் கிழிச்சுட்டுத்தானே பரிசு குடுப்போம்?" சிரித்துவிட்டான். "ஆனா அந்தத் தொண்ணூத்தேழு பாயிண்ட் பொய்யுங்களா?" என்றான்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது.

ஒயினுக்கு நூற்றுக்கு இத்தனை என்று மார்க் போடுவதைப் பிரபலமாக்கியவர் ராபர்ட் பார்க்கர் என்ற அமெரிக்கர், வக்கீலாக இருந்தவர். 1978இல் தானே ஒரு பத்திரிகை ஆரம்பித்து மார்க் போட்டார். எந்த ஒயினாக இருந்தாலும் ஐம்பது நிச்சயம், அதற்கு மேல்தான் கணக்கு. அவர் மார்க்கைப் பார்த்து உலகம் முழுக்க விலை ஏறியது, இறங்கியது. அவர் திறமைசாலி என்பதில் சந்தேகம் இல்லை. ஆனால் 97க்கும் 94க்கும் உள்ள அந்த மூன்று மார்க்கை எந்த நாக்கு எடை போடும்?

கலிபோர்னியாவில் ராபர்ட் ஹாட்ஜ்சன் என்ற ஓய்வுபெற்ற பேராசிரியர், சொந்தமாக ஒயினும் தயாரிப்பவர், அதைச் சோதித்துப் பார்த்தார். மாநிலக் கண்காட்சிப் போட்டியின் நடுவர்களுக்கு, ஒரே பாட்டில் ஒயினை மற்ற ஒயின்களுக்கு நடுவே மூன்று தடவை, சொல்லாமல் கொடுக்க ஏற்பாடு செய்தார். பல வருடம் இதைச் செய்தார். மூன்று தடவையும் ஒரே பதக்கத் தரத்துக்குள் மார்க் போட்டவர்கள் சுமார் பத்தில் ஒருவர்தான். 2008இல் இதை வெளியிட்டார். அதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

1994 அரையாண்டுத் தேர்வு. பதினொன்றாம் வகுப்பு, 46 பேப்பர். பேப்பரில் எழுதாமல் தனித்தாளில் மார்க் குறித்தேன். அந்தத் தாள் தொலைந்துவிட்டது. ராத்திரி உட்கார்ந்து மறுபடி எல்லாவற்றையும் திருத்தி ஆபீசில் கொடுத்தேன். ரேங்க் கார்டு கொடுத்து முடிந்த பிறகு, பழைய தாள் பீரோவில் துணிக்கு அடியில் கிடைத்தது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்பது பேருக்குத்தான் ஒரே மார்க். மற்றவர்களுக்கு இரண்டு, மூன்று, நான்கு என்று கூடவோ குறையவோ இருந்தது. ஒருவனுக்கு முதல் தாளில் 37. ஆபீசுக்குப் போன தாளில் 32.

அவன் ஃபெயில். ரேங்க் கார்டில் கையெழுத்துப் போட அவன் அப்பா தோட்ட வேலையை விட்டுவிட்டு வந்து, ஸ்டாஃப் ரூம் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். "நல்லாப் படிக்க வைங்க சார்" என்றார். எனக்கு அப்போது தாள் கிடைத்திருக்கவில்லை. கிடைத்த பிறகும் நான் யாரிடமும் சொல்லவில்லை. தாளைக் கிழித்துப் போட்டேன்.

போன வாரம் போன் செய்தவன் அவன்தான். இந்த விஷயத்தை அவனிடம் சொல்லி, எழுதலாமா என்று கேட்டுவிட்டுத்தான் இங்கே எழுதுகிறேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, "அந்த முப்பத்திரெண்டுக்கு அப்பா எட்டு நாள் பேசலீங்க சார்" என்றான். நான் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க சார்" என்றான். அவன் விட்டாலும் எனக்கு விடவில்லை.

நான் நேர்மையாகத்தான் திருத்தினேன். இரண்டு தடவையும். ஆனாலும் ஐந்து மார்க் வித்தியாசம். பசி, தூக்கம், அதற்கு முன் திருத்திய பேப்பர் நல்லதா மோசமா என்று எத்தனையோ சேர்ந்துதான் ஒரு மார்க் ஆகிறது. எண்ணாக எழுதிவிட்டால் அது தராசில் நிறுத்தது மாதிரித் தெரிகிறது. நன்றாக எழுதியவனையும் ஒன்றுமே எழுதாதவனையும் மார்க் காட்டிக் கொடுக்கும், அதை மறுக்கவில்லை. 37க்கும் 32க்கும், 97க்கும் 94க்கும் நடுவில் அது கண்ணை மூடிக்கொள்கிறது. வியாபாரம் நடப்பது அந்த இடத்தில்தான்.

ஆகவே என் அபிப்பிராயம் இது. ஆறு யூரோவிலிருந்து இருபது முப்பது யூரோ வரைக்கும் நீங்கள் கொடுக்கும் காசு பெரும்பாலும் பாட்டிலுக்குள் போகிறது. அதற்கு மேல் லேபிளுக்குப் போகிறது. அந்தப் பக்கத்து வீட்டு அம்மாளைப் போல ருசி பழகி, கையில் காசும் இருப்பவர்கள் வாங்கட்டும், அது அவர்கள் சந்தோஷம். பழகிய நாக்குக்கு விலை உயர்ந்த ஒயின் கொஞ்சம் கூடப் பிடிப்பதாக ஆராய்ச்சியும் சொல்கிறது. மற்றவர்கள் மார்க்கைப் பார்த்துக் கடன் வாங்கி வாங்க வேண்டாம். நம் ஊரில் இறக்குமதி வரியும் அந்த விலையில் சேருகிறது.

மாணவன் கடைசியில் நாலாயிரம் ரூபாய்க்குள் ஒரு நல்ல ஒயின் வாங்கினான். கூடவே அவன் அம்மா செய்த எள்ளுருண்டை ஒரு டப்பா. பாஸ் ஒயினை மேசையில் வைத்துவிட்டு எள்ளுருண்டையை அங்கேயே பிரித்துச் சாப்பிட்டாராம். எத்தனை பாயிண்ட் கொடுத்தார் என்று நான் கேட்கவில்லை.

என்னிடம் படித்தவர்களில், நான் போட்ட மார்க்கை இன்னும் மனதில் வைத்து வருத்தப்படுகிறவர்கள் யாராவது இருந்தால், அதில் நாலைந்து கூட்டிப் போட்டுக்கொள்ளுங்கள். சார் சொன்னார் என்று சொல்லிக்கொள்ளலாம்.

அன்புடன்,
உங்கள் கெமிஸ்ட்ரி சார்