சராசரியில் மறைந்துபோகும் நம் பிள்ளைகள்

ஆண்டுதோறும் எஸ்.பி.எம். தேர்வு முடிவு வெளிவந்ததும், இடைநிலைப்பள்ளிகளைத் தராசில் நிறுத்துப் பார்க்கும் வேலை தொடங்கிவிடுகிறது. எந்தப் பள்ளி முன்னேறியது, எந்தப் பள்ளி சறுக்கியது என்பதே பேச்சு. அதற்குரிய அளவுகோல் பள்ளியின் சராசரித் தரப்புள்ளி. மிக உயர்ந்த தேர்ச்சிக்கு 0, தோல்விக்கு 9 என்று போட்டு, எல்லாவற்றையும் கூட்டி வகுத்து ஓர் எண்ணைச் சொல்கிறார்கள். எண் குறைந்தால் பள்ளிக்குப் புகழ், கூடினால் இகழ்ச்சி.

அந்த எண்ணைக் கண்டு மகிழவோ மனம் சோரவோ நாம் தயாராயில்லை. அதற்குள் நம் பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்பதே நமது கேள்வி.

பால்மரத் தொழிலாளிக்கும் தோட்டக் கிராணிக்கும் கணக்கு புதிதல்ல. ஸ்டோருக்கு வரும் பாலை எடை மட்டும் பார்த்து ஏற்றுக்கொள்வதுண்டா? அதில் உலர்ந்த ரப்பர் நூற்றுக்கு எவ்வளவு என்றும் பார்க்கிறோம். விதை போட்டு வளர்ந்த பழைய மரத்தையும் ஆர்.ஆர்.ஐ.எம். 600 ஒட்டு மரத்தையும் ஒரே கணக்கில் வைத்து, பழைய மரம் சீவுகிறவனைச் சோம்பேறி என்றால் எந்தத் தொழிலாளி பொறுப்பான்? மரத்துக்குக் காட்டும் இந்த நியாயம் மாணவனுக்கு வேண்டாமா?

தேசிய இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்தில் வந்து உட்காரும் பிள்ளைகள் ஒரே நிலையில் புறப்பட்டவர்கள் அல்லர். தேசியத் தொடக்கப்பள்ளியிலிருந்து வருகிறவன் ஆறாண்டும் மலாய்மொழியில் பாடம் கேட்டவன். தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளிப் பிள்ளைகளுக்கோ பயிற்றுமொழியே மாறிவிடுகிறது. மலாய்மொழியில் போதிய தேர்ச்சி பெறாத அப்பிள்ளைகளுக்கென்றே புகுமுக வகுப்பு ஏற்பட்டது. அதாவது, ஓராண்டு கூடுதல். வசதியுள்ள வீட்டுக்கு ஓராண்டு பெரிதல்ல. கூலி வீட்டிலோ, "பையன் வேலைக்குப் போனால் என்ன?" என்ற எண்ணம் தலைகாட்ட அந்த ஓராண்டு போதும்.

அதன்மேல் வீட்டு நிலைமை. தாயும் தகப்பனும் விடியுமுன் பெரட்டுக்குப் போய்விட்டால் பிள்ளையை எழுப்பிப் பஸ் ஏற்றிவிட யாருண்டு? தோட்டம் கைமாறி, லயத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபோனவர்களின் பிள்ளைகளுக்கும் அமைதியாக உட்கார்ந்து படிக்க ஒரு மூலை கிடைப்பது அரிது. வறுமைக்கும் படிப்பை இடையில் விடுவதற்கும் உள்ள தொடர்பை 1973-ஆம் ஆண்டிலேயே முராட் தலைமையிலான இடைநிற்றல் ஆய்வுக்குழு எடுத்துக்காட்டியது. அரை நூற்றாண்டு கடந்தும் அது பழங்கதையாகிவிடவில்லை.

இனி, தோழர்களே, இந்தச் சராசரிக் கணக்கின் பெரிய ஓட்டையைக் கவனியுங்கள். தேர்வு எழுதியவர்களைக் கொண்டே சராசரி போடப்படுகிறது. நான்காம் படிவத்தில் நின்றுவிட்ட பையன் அந்தக் கணக்கில் இல்லை. படிப்பில் பின்தங்கிய பிள்ளை பள்ளியை விட்டுப் போனால் பள்ளியின் சராசரி கெடுவதில்லை. மாறாக, அழகு பெறுகிறது! ஒரு பிள்ளையை இழந்ததற்குப் பாராட்டுக் கிடைக்கும் கணக்கை நியாயமான கணக்கென்று எப்படிச் சொல்வது?

முன்பெல்லாம் 12 வயதில் ஒரு பொதுத்தேர்வும் 15 வயதில் ஒன்றும் இருந்தன. யு.பி.எஸ்.ஆர். 2021-லும், பி.டி.3 2022-லும் நிறுத்தப்பட்டன. சிறு பிள்ளைகளின் தலையிலிருந்து தேர்வுச் சுமை இறங்கியதற்காக நாம் அழவில்லை. ஆனால், பிள்ளை தடுமாறுகிறான் என்பதை எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கும் காட்டிய இரண்டு எச்சரிக்கைகள் அவற்றோடு போயின என்பதையும் மறைக்கலாகாது. எஸ்.பி.எம். சான்றிதழ் பெற மலாய்மொழியில் தேர்ச்சி வேண்டும்; 2013 முதல் வரலாற்றிலும் தேர்ச்சி வேண்டும். வரலாறு கற்பிக்கப்படுவதும் மலாயில்தான். முதலாம் படிவத்தில் மொழியில் தடுக்கியவனை அன்றே தூக்கிவிடாமல் 17 வயதில் கைவிரிப்பதால் யாருக்கு என்ன பயன்?

இரண்டு குரல்களை நாம் மறுக்கிறோம். எல்லாம் ஆசிரியர் குற்றம் என்பது ஒன்று. கடைசி வகுப்பில் நாற்பது பிள்ளைகளோடு போராடும் ஆசிரியரும் நம்மைப் போன்ற உழைப்பாளியே. "தோட்டத்துப் பிள்ளைகள் அப்படித்தான்" என்பது மற்றொன்று. இது முன்னதைவிடக் கொடியது. பின்னணியைப் பார்க்கச் சொல்வது கூடுதலாக உதவுவதற்கே, குறைவாக எதிர்பார்ப்பதற்கல்ல. பால் குறைந்த காட்டுக்கு உரம் போடுவார்களா, உரத்தை நிறுத்துவார்களா?

ஆகவே நாம் கேட்பது இதுதான். ஒவ்வோர் இடைநிலைப்பள்ளியும் மூன்று கணக்குகளைப் பெற்றோர் முன் வைக்கட்டும். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தவர் எத்தனை பேர்? அவர்களில் எஸ்.பி.எம். எழுதியவர் எத்தனை பேர்? மலாய், வரலாறு இரண்டிலும் தேறியவர் எத்தனை பேர்? முதல் எண்ணுக்கும் இரண்டாம் எண்ணுக்கும் இடையே காணாமற்போனவர்களின் பெயர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

பள்ளி தரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. 1923-ஆம் ஆண்டுத் தொழிற்சட்டம், பத்துப் பிள்ளைகள் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வேண்டுமென்று தலையெண்ணிச் சொன்னது. இன்று நாமே எண்ணுவோம். ஒவ்வொரு கிளையும் ஒரு நோட்டுப் புத்தகம் போடட்டும். கிராணிமார்களே, செக்ரோல் எழுதும் கை இதையும் எழுதட்டும். உதவித்தொகைப் பாரத்தை நிரப்பிக் கொடுக்கட்டும். பெற்றோர்களே, பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் கடைசி நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து வராதீர்கள். மூன்று எண்களையும் கேளுங்கள்.

ஒரு நாள் பேர் விடுபட்டால் கூலிக்காகச் சண்டை போடுகிறோம். பள்ளிப் பதிவில் பிள்ளையின் பேர் விடுபடும்போது மட்டும் ஏன் வாய்மூடி இருக்க வேண்டும்?